ஆறாம் எண் சாவி

அத்தியாயம் 14

பெட்டி எண் பதினேழு மீன் கிடங்கிலிருந்து வெளியே வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "ஆவணத்தைக் கொண்டுபோய் யாராவது மீனோடு வைப்பார்களா?" என்று இரண்டு வாசகர்கள் கோபமாக எழுதியிருக்கிறார்கள். வைப்பார்கள். நனைந்த காகிதத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை ஏறிவிடும். உடனே காயவைக்க முடியாவிட்டால் உறைய வைக்க வேண்டும். நானூறு புத்தகங்களை உறைய வைக்கும் அளவுக்கு ஆவணக் காப்பகத்தில் குளிர்பெட்டி ஏது? மீன் கிடங்கில் இருக்கிறது. அதனால் இந்த ஒரு மாதமாகப் பெரியவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அவள் மகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக நாலு வரி.

பதினொரு வருடத்துக்கு முன், ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல், ஒரு நூல் ஆலையில் தீப்பிடித்தது. பின் கதவு வெளியே பூட்டியிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஏழு பேர் செத்துப்போனார்கள். சாவிப் புத்தகத்தில், பின் கதவுச் சாவியை எடுத்ததாக ஷிப்ட் மேற்பார்வையாளரின் கையெழுத்து இருந்தது. அவர்தான் அப்பா. "நான்தான் எடுத்தேன். மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டு மாதம் சிறையில் இருந்தார். அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊர் அவருக்குப் 'பூட்டுக்காரர்' என்று பேர் வைத்தது.

சின்ன மகள் இதை நம்பவே இல்லை. ஆலைக்காரர்கள் தீக்குப் பிறகு மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. ஏறாத படியெல்லாம் ஏறி வழக்கை மறுபடி திறக்க வைத்தாள். திறந்த நேரம் பார்த்து நீதிமன்றக் கிடங்கில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நனைந்த நானூறு புத்தகங்களில் சாவிப் புத்தகமும் ஒன்று; பெட்டி எண் பதினேழில் இருப்பது அதுதான். நனைந்த புத்தகங்களைப் பிரித்துக் காயவைக்கும் பிரிவில்தான் பெரிய மகளுக்கு வேலை. விசாரணை திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

* * *

"மாமா, வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி."

அப்பா சிறையிலிருந்து வந்த நாளிலிருந்து, பெரியவளின் புருஷனான மாப்பிள்ளைதான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். நகம் வெட்டிவிடுவதுகூட அவர்தான். பெற்ற பிள்ளை செய்வானா இதை என்று தெருவே மெச்சுகிறது. மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் வயிற்றெரிச்சலில் இவரைக் கண்டாலே கடுகடுக்கிறார்கள்.

அப்பா மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு அந்தப் பக்கம் வந்துடுமா?"

"வந்துடும்ப்பா."

"கிழிஞ்சா கிழியட்டும்மா. ரொம்ப மெனக்கெடாதே."

"கிழியாம பிரிக்கறதுக்குத்தான்ப்பா எனக்கு வேலையே கொடுத்திருக்காங்க."

மாப்பிள்ளையின் கையிலிருந்த இன்னொரு மாத்திரை தவறி விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் குனிந்து தேடினார். ஒரு மாத்திரைக்கு அவ்வளவு நேரம் தேட வேண்டியதில்லை. பெரியவளுக்கு அவசரம், கவனிக்கவில்லை.

செருப்பு மாட்டும்போது சின்னவள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. நீ பாடத்தை நடத்து."

"நேத்து ஒரு புள்ள என்னை 'பூட்டு டீச்சர்'னு கூப்பிடுதுக்கா. எட்டு வயசு. தீப்பிடிச்சப்போ அது பொறக்கவே இல்ல. அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

பெரியவள் மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் நேரா அங்க வந்துடறேன். எனக்கு அதை என் கண்ணால பாக்கணும்."

* * *

சட்டப்படி அந்தப் புத்தகத்தைப் பெரியவள் தொடக்கூடாது. சொந்த அப்பாவின் வழக்கு. ஆனால் பிரிவில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவருக்குக் கை நடுக்கம். அவர்தான் பிரிவுத் தலைவர், ஈரம் சார். காலையில் வந்ததும் "ஈரம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார். வணக்கம் சொன்னாலும் அதற்குப் பதில் "ஈரம் எவ்வளவு?" என்பதுதான். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

"பிரிக்கறது நீ. கையெழுத்துப் போடறது நான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "எழுத்தைப் படிக்காதே. தாளை மட்டும் பாரு. படிக்கறது நம்ம வேலை இல்ல."

பதினொரு மணிக்கு மீன் கிடங்கிலிருந்து போன் வந்தது. குளிர் அறையில் கரண்ட் போய்விட்டதாம். இன்னும் இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள் அங்கே கிடக்கின்றன. ஈரம் சார் தலையில் கைவைத்துக்கொண்டே ஆட்டோ தேடி ஓடினார். பெரியவள் தனியாக இருந்தாள்.

நீள மேஜை. இரண்டு பக்கமும் மெல்லச் சுற்றும் விசிறி. ஒட்டிப்போன இரண்டு தாள்களுக்கு நடுவே எலும்புக் கத்தியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும். விட்டுக்கொடுக்காத இடத்தில் தண்ணீர்த் தெளிப்பானால் லேசாகத் தூவலாம். ஆனால் இந்தப் புத்தகத்தில் தூவக்கூடாது. இதை எழுதியது காப்பி பென்சிலால். ஆலைகளில் சாவிப் புத்தகத்தோடு நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பென்சில். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதாவாக மாறும். கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுத்தே கரைந்து கறையாகிவிடும். இதை ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டில் எல்லாருக்கும் கதையாகச் சொல்லியிருந்தாள்.

நல்ல வேளை, நடுப்பக்கங்களில் ஈரம் ஏறியிருந்ததே தவிர ஊறவில்லை. எழுத்தெல்லாம் ஊதாவாகியும் படிக்கும்படி இருந்தது.

பதினொன்றரைக்கு அந்தப் பக்கம் பிரிந்து வந்தது. பிரிந்ததும் படம் எடுக்க வேண்டும்; மற்றதெல்லாம் அப்புறம். பன்னிரண்டு வருட வேலையில் அவள் ஒரு தடவைகூட இந்த வரிசையை மாற்றியதில்லை. இன்று மாற்றினாள். படித்துவிட்டாள்.

மணி 2.10. சாவி எண் ஆறு, பின் கதவு. எடுத்தவர் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து, பந்துமுனைப் பேனாவில். பேனா மை கரையவில்லை. அந்தப் பக்கத்திலேயே பேனாவில் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு அடியில் ஊதாவாக வேறொரு கையெழுத்து எழும்பியிருந்தது.

ரப்பரால் அழித்திருக்கிறார்கள். அழித்தாலும் காப்பி பென்சிலின் சாயம் தாளுக்குள் தங்கிவிடும். பதினொரு வருடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததைக் குழாய்த் தண்ணீர் வெளியே கொண்டுவந்துவிட்டது. அழித்த இடத்தில் தாள் மெலிந்திருந்ததை அன்றைக்கே யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம். நான்தான் என்று ஒப்புக்கொண்டவனின் கையெழுத்தை யார் பிடித்துப் பார்க்கப்போகிறார்கள்?

இரண்டு எழுத்து. கீழே ஒரு கோடு. கோட்டின் முனையில் மீன் வால் மாதிரி இரண்டு சின்னக் கிளை.

மகளின் மதிப்பெண் அட்டையில் மாதாமாதம் அவள் பார்க்கிற கையெழுத்து. அவள் புருஷனுடையது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எலும்புக் கத்தியை வைக்க இடம் தேடி, மடியிலேயே வைத்துக்கொண்டாள். அன்றைய மத்தியானம் நினைவுக்கு வந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதே ஆலையில் ஷிப்ட் முடிந்து அவர் அவளைப் பார்க்க வந்திருந்தார். மேஜைமேல் ஒரு சாவி. அதில் பித்தளை வில்லை. வில்லையில் ஆறு.

* * *

ஒரு மணிக்கு மாப்பிள்ளை சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். தினமும் ஒர்க் ஷாப்பிலிருந்து வருவார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், நனைந்த அலமாரிகளை வெயிலில் சாய்த்து வைத்திருந்த இடத்தில், இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் டப்பாவைத் திறந்தார்.

"அன்னிக்கு டீக்கடையில உங்க கையில இருந்தது என்ன சாவி?"

அவர் மூடியை மெதுவாகத் திரும்பவும் மூடினார்.

"வந்துடுச்சா" என்றார்.

அவள் எதிர்பார்த்தது 'எந்தச் சாவி' என்ற கேள்வியை. அப்படிக் கேட்டிருந்தால் கொஞ்ச நேரமாவது சண்டை போட்டிருக்கலாம்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சுது. முன் கேட்டுல சோதனை வரிசை. எப்படியும் அரை மணி நேரம். நீ வெயில்ல நிக்கறே. பின் கதவைத் திறந்து வெளியே வந்து பூட்டினேன். பூட்டாம விட்டா நூல் திருட்டுப் போகுதுன்னு சத்தம் போடுவாங்க. சீக்கிரம் திரும்பி வந்து மாட்டிடலாம்னு நெனச்சேன். நேரம் போனது தெரியல."

"அப்புறம்?"

"புகையைப் பார்த்து ஓடினேன். கதவுகிட்ட போகவே முடியல. மாமா குறுக்க வந்து நின்னாரு. கையைப் பிரிச்சு சாவியை எடுத்துக்கிட்டாரு. 'உன் ஷிப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சுது, வீட்டுக்குப் போ'ன்னாரு. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல."

"எனக்காக ஜெயிலுக்குப் போங்கன்னு நீங்க அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

அலமாரியிலிருந்து காய்ந்த சேற்றுப் பொருக்கு ஒன்று உதிர்ந்து கீழே விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லல."

ஏழு வீட்டுச் சாவு. பதினெட்டு மாதம். அம்மா. அதற்கெல்லாம் ஈடாக மாத்திரையும் நகவெட்டியும். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"உங்க சாருக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் இல்ல. படம்கூட எடுக்கல."

அவர் குரல் தாழ்ந்தது. "நீதானே சொன்னே. கொஞ்சம் கூடத் தண்ணி பட்டா போதும்னு..."

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. சொன்ன வாயை அவரே புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தார். டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

* * *

அவள் மேஜைக்குத் திரும்பி வந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, பார்த்துட்டேன்."

போனில் அவர் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவன் உள்ளே போயிருந்தா உனக்கு என்னம்மா மிச்சம்?" என்றார் அப்பா. "பூவும் பொட்டுமா நிக்க வேண்டியவ. நான் இருந்து என்ன சாதிக்கப்போறேன்னு நெனச்சேன். நான்தான் அழிச்சுட்டு என் கையெழுத்தைப் போட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்ககிட்டகூடச் சொல்லலையா?"

"பார்க்க வரும்போதெல்லாம் 'எப்படிங்க மறந்தீங்க, எப்படிங்க மறந்தீங்க'ன்னு கேட்டா. கடைசி வரைக்கும் கேட்டா."

அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எதிர் வீட்டம்மா உங்களைப் பார்த்தா ரோட்டைத் தாண்டிப் போறாங்களேப்பா. பதினொரு வருஷமா."

எதிர் வீட்டம்மாவின் கணவர் அந்த ஏழு பேரில் ஒருவர்.

"போகட்டும். அவங்களுக்கு யாரையாவது பார்த்து விலகிப் போகணும். நான் இருந்துட்டுப் போறேன்." அப்பா இருமினார். "தண்ணியைத் தெளிச்சுடும்மா. ஈரத்துல போச்சுன்னு எழுது. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. உங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன்."

போனை வைத்தாள். மணி இரண்டரை. ஈரம் சார் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

தெளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தாள். பாதி நிரம்பியிருந்தது. ஒரு அழுத்து, இரண்டு அழுத்து. ஊதா பரவும், அப்பாவின் பேனாக் கையெழுத்து மட்டும் மிஞ்சும். பன்னிரண்டு வருடம் காகிதத்தைக் காப்பாற்றியவளின் பேச்சை யார் சந்தேகப்படுவார்கள்? வீடு இருந்தபடி இருக்கும். மகளின் மதிப்பெண் அட்டையில் அடுத்த மாதமும் மீன் வால் விழும்.

முனையை அந்த வரிக்கு நேரே பிடித்தாள். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் கீழ் வரியும் நனையும். கீழ் வரியில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள்.

மணி 2.25. சாவி எண் மூன்று, பஞ்சு அறை. கையெழுத்துப் போடாமல் முழுப் பேரையும் கோணல்மாணலாக எழுதியிருந்தார், எழுத்துக் கூட்டி எழுதுகிறவர்கள் எழுதுவது மாதிரி. எதிர் வீட்டுக்காரர். திருப்பிக் கொடுத்த நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்த மனிதர் கடைசியாக எழுதியது அதுதான்.

அவள் தெளிப்பானைக் கீழே வைத்தாள். மூடியைத் திருகி, தண்ணீரைக் கொண்டுபோய் வாளியில் கொட்டினாள். பிறகு விளக்கைச் சரிசெய்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, படம் எடுத்தாள். நேராக ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. ஒற்றுத்தாள் வைத்து மூடினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறிக்கையில் எழுதினாள்: '2.10 வரியில் இரண்டு கையெழுத்துகள். அடியில் உள்ளது அழிக்கப்பட்டு, ஈரத்தால் வெளிப்பட்டுள்ளது. தெளிவாகப் படிக்கலாம்.'

மூன்றரைக்கு ஈரம் சார் வியர்வையோடு வந்தார்.

"ஈரம் எவ்வளவு?"

"குறைஞ்சுட்டு வருது சார்."

அறிக்கையைப் படித்தார். ஒற்றுத்தாளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னொண்ணு யாருதும்மா?"

"படிக்கறது நம்ம வேலை இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. நடுங்குகிற கையால் கையெழுத்துப் போட்டார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

* * *

நாலரைக்குச் சின்னவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் சாக்பீஸ் தூள்.

"அத்தான் வெளியில வண்டியோட நிக்கறாரு. உள்ளே வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. எங்கக்கா அது?"

பெரியவள் படத்தின் பிரதியை நீட்டினாள். சின்னவள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? அப்பா எடுக்கலக்கா. அப்பா எடுக்கவே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாக்பீஸ் தூள் கன்னத்தில் ஒட்டியது. "இது யாரு கையெழுத்து?"

"உன் அத்தானோடது."

சின்னவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. பிறகு பிரதியை மறுபடி பார்த்தாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அங்கே அவர் வண்டியில் உட்காராமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"திங்கட்கிழமை கோர்ட்டுல நான் இதை வைப்பேன்க்கா" என்றாள், ரொம்ப மெதுவாக.

"வை."

"அப்பாவைத் தின்னுட்டு, அவருக்கே மாத்திரை கொடுத்துட்டு இருந்திருக்காரு. ஒரே வீட்டுல." பிரதியை ஜன்னல் திண்டில் வைத்தாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்கு. பதினொன்றரைக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "நீ பாவம்க்கா. உனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. நீ பாவம்."

பெரியவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கண் மட்டும் ஜன்னலில் இருந்தது. மத்தியானம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 'நேரம் போனது தெரியல' என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேரம் போனது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு இரண்டே முக்காலுக்கே எழுந்துவிட்டார். "இதைத் திருப்பி மாட்டணும், கிளம்பறேன்" என்றார். மேஜைமேல் கிடந்த சாவியை அவள்தான் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "இன்னொரு டீ குடிச்சாத்தான் தருவேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.